ஈறுல ரத்தம் வந்தா பிரஷ்ஷை நிறுத்தணுமா?

கேள்வி | 2022 ஜூன் 11, காலை

பல் தேய்க்கும்போது கீழ் முன்பல் வரிசையில ரத்தம் வருது. வலி ஒண்ணும் இல்ல. பிரஷ் குத்தித்தான் வருதுன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டு இப்ப விரல்ல பல்பொடி. ரத்தம் வர்ற பக்கத்தைத் தொடறதே இல்ல, கொஞ்சம் குறைஞ்ச மாதிரியும் இருக்கு. பல் ஆஸ்பத்திரிக்குப் போனா க்ளீனிங் பண்ணச் சொல்வாங்க. பண்ணினா எனாமல் போயிடும், பல் ஆட ஆரம்பிச்சுடும்னு எங்க மாமியார் சத்தியம் பண்றாங்க. அவங்க அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சாம். வைட்டமின் சி மாத்திரை வாங்கிப் போட்டா சரியாகுமா? வயசு 34, சிகரெட் எப்பவாவது. அனுபவப்பட்டவங்க மட்டும் சொல்லுங்க.

பதில் | ஜூன் 11, ராத்திரி

தம்பி, ரத்தம் வர்ற இடத்தைத்தான் ஒழுங்காத் தேய்க்கணும். சாஃப்ட் பிரஷ், ஈறு ஓரம், தினமும். அந்தப் பக்கத்தைத் தொடாததால ரத்தம் உங்க கண்ணுல படல, அவ்வளவுதான். உள்ள அது பாட்டுக்கு நடந்துக்கிட்டுதான் இருக்கும்.

பல்லும் ஈறும் சேர்ற ஓரத்துல கிருமிங்க படலமாப் படியுது. ஈறு அதை எதிர்த்து வீங்குது. ரத்தக்குழாய் விரிஞ்சு, மேல்தோல் மெலிஞ்சு, லேசாப் பட்டாலே கசியுது. இதை 1965லேயே சோதிச்சுப் பார்த்தாச்சு. டென்மார்க்ல ஆர்ஹூஸ் பல் மருத்துவக் கல்லூரியில ஹரால்ட் லோன்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஈறு நல்லா இருந்த 12 பேரைப் பல் தேய்க்கிறதையே நிறுத்தச் சொன்னார். 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள 12 பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல ஆச்சு, பழையபடி ஆயிட்டாங்க. மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல.

வைட்டமின் சி குறைஞ்சா ஈறுல ரத்தம் வரும், நிஜம்தான். ஸ்கர்வின்னு பேரு. மாசக்கணக்கா காய் பழத்தைக் கண்ணால பார்க்காத கப்பல்காரங்களுக்கு வந்தது. உங்க மாமியார் சமைக்கிற வீட்டுல அதுக்கு வாய்ப்பு கம்மி.

ஜூன் 12

மாமியாரோட அக்கா கதையைப் பொய்னு சொல்ல மாட்டேன். க்ளீனிங் பண்ணினதும் நிஜம், பல் ஆடினதும் நிஜம். நடந்த வரிசைதான் அவங்க நினைக்கிறது மாதிரி இல்ல. அந்தப் படலம் இறுகிக் கல்லாக் கட்டிக் கட்டி ஈறுக்கு அடியில இறங்கியிருக்கும். பல்லைச் சுத்தி தாடை எலும்பு வருஷக்கணக்கா கரைஞ்சிருக்கும். ஆடற வாசக்காலுக்கு ஆப்பு சொருகின மாதிரி அந்தக் கல்லேதான் பல்லைப் பிடிச்சு வெச்சிருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரிஞ்சுடுச்சு, பழி க்ளீனிங் மேல விழுந்துடுச்சு. சீக்கிரமே போயிருந்தா அந்தப் பல்லு ஆடியிருக்காது.

எனாமல் பத்தி: ஸ்கேலிங் மெஷினோட நுனி வேகமா அதிர்ந்து கல்லை உடைக்குது, தண்ணி பீய்ச்சிக்கிட்டே இருக்கும். சரியாப் பிடிச்சா எனாமலுக்கு ஒண்ணும் ஆகாது. சத்தம்தான் பயமுறுத்தும்.

இன்னொண்ணு. கீழ் முன்பல்னு எழுதியிருக்கீங்க பாருங்க, கல்லு அதிகமாக் கட்டறதே அங்கதான். நாக்குக்கு அடியில எச்சில் சுரப்பிங்க திறக்குது. எச்சில்ல இருக்கிற கால்சியம் அந்தப் படலத்தைக் கெட்டியாக்கிடும், ரெண்டு மூணு நாள்லயே ஆரம்பிச்சுடும். மேல் கடவாய்ப் பல்லோட கன்னப் பக்கமும் இதே கதை. நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில பாருங்க. மஞ்சளா மேடு தட்டியிருந்தா இனி எந்தப் பிரஷ்ஷாலயும் அது போகாது. ஊசியால, சேஃப்டி பின்னால நோண்டாதீங்க.

ஜூன் 12, மறுபடி

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு கீழ ஒரு பெரியவர் போட்டிருக்கார். சரிங்க அய்யா. நுனியை நார் நாரா மென்னு ஒவ்வொரு பல்லா நிதானமாத் தேய்ச்சா அழுக்கு போகும், மறுக்கல. ஆனா ரெண்டு பல்லு ஒட்டி நிக்கிற இடுக்குல குச்சியும் போகாது. பிரஷ்ஷும்தான் போகாது. ஈறு நோய் முதல்ல பிடிக்கிற இடம் அந்த இடுக்குதான்.

உமிக்கரி, செங்கல்பொடிக்கு மட்டும் நான் எதிரி. ஈறு இறங்கி வேர் வெளிய தெரியற பல்லுல அதைப் போட்டுத் தேய்ச்சா வேர் தேய்ஞ்சுடும். வேர்மேல எனாமல் கிடையாது.

ஜூன் 15

என் கதையைக் கேட்டாங்க. எழுதறேன், கொஞ்சம் நீளம்.

எனக்குப் பெருசா ரத்தமே வரல. மேல் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழுந்துச்சு, அவ்வளவுதான். முன்பல் சந்து அதிர்ஷ்டம்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க, நானும் லாட்டரி அடிக்கும்னு காத்திருந்தேன். கல்யாண ஆல்பத்துல அந்தச் சந்து இல்லங்கிறதை என் பொண்ணுதான் கவனிச்சா. நடு வயசுல பல்லு இடம் மாறுதுன்னா அடியில எலும்பு போகுதோன்னு சந்தேகப்படணும். இது அப்ப எங்க யாருக்கும் தெரியாது.

முதல்ல போன இடத்துல வாயை நல்லாத் திறந்துகூடப் பார்க்கல. ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாளைக்கு, ஈறுல தடவ கம் பெயின்ட் ஒரு பாட்டில். வாசம் நல்லா இருந்துச்சு, ஈறு விறைச்ச மாதிரியும் இருந்துச்சு. கல்லு இருந்த இடத்துலயே இருந்துச்சு. மாத்திரையை மட்டும் முழுங்கினா அந்தப் படலத்துக்குள்ள மருந்து சரியா இறங்காது. சில பேருக்கு ஆழமா சுத்தம் பண்றதோட சேர்த்து ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறது உண்டு, தனியாக் கொடுத்துப் பிரயோஜனமில்ல. மெடிக்கல் ஷாப்ல மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டு வாங்கி மாசாமாசம் போடறவங்க இதைப் படிச்சா நல்லது. அதைப் போட்டுட்டு சரக்கு அடிக்கிறவங்க ரெண்டு தடவை படிங்க.

அப்புறம் ஈறு ஸ்பெஷலிஸ்ட் கிட்ட போனேன். மெல்லிசா ஒரு கம்பி, அதுல மில்லிமீட்டர் கோடு. ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்துல ஈறுக்குள்ள விட்டு அளந்து நம்பர் சொல்றார், நர்ஸ் எழுதறாங்க. மூணு, ரெண்டு, மூணுன்னு போச்சு. 3 மி.மீ. வரைக்கும் சரி, 4ம் அதுக்கு மேலயும் போனா குழி. நடுவுல "ஏழு"ன்னார். எனக்கு அந்த நம்பர் புரியலன்னாலும் நர்ஸ் பேனாவை நிறுத்திப் பார்த்தது புரிஞ்சுது.

வைத்தியம் இதுதான்: மரத்துப்போற ஊசி போட்டு, ஒரு தடவைக்கு ஒரு பக்கமா, ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் கல்லைச் சுரண்டி எடுக்கிறது. சில வாரம் கழிச்சு திரும்ப அளந்தாங்க. பெரும்பாலான குழி 4க்குள்ள வந்துடுச்சு. கடவாய்ப் பக்கம் வராத இடத்துல ஈறைத் திறந்து சுத்தம் பண்ணித் தையல் போட்டாங்க. அதுக்கு நான் பயந்த அளவுக்கு ஒண்ணுமில்ல, ஒரு வாரம் தயிர்சாதம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாததை நான் சொல்றேன். வீக்கம் வத்தினதும் ஈறு இறங்கும். பல்லு நீளமாத் தெரியும். பல்லுக்கு நடுவுல கருப்பா முக்கோணச் சந்து தெரியும், கீரை கரெக்டா அங்க போய் உக்காரும். கொஞ்ச நாளைக்கு மோர் குடிச்சாக்கூடக் கூசும். இதெல்லாம் பார்த்துட்டு "க்ளீனிங் பண்ணித்தான் கெட்டுப் போச்சு"ன்னு பாதியில விடறவங்க ஜாஸ்தி. போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தறதுதான் கணக்கு. என் சந்தும் அப்படியேதான் இருக்கு. லாட்டரி இன்னும் அடிக்கல.

தினசரி வேலை: ராத்திரி படுக்கும் முன்னாடி இடுக்கு பிரஷ். சின்னக் கம்பியில முடி வெச்சது, கலர் கலரா சைஸ் வரும். உரசிக்கிட்டுப் போகணும், முட்டித் தள்ளக்கூடாது. ஒரே வாய்க்கு ரெண்டு சைஸ் தேவைப்படலாம். இடுக்கே இல்லாம ஒட்டி நிக்கிற பல்லுக்கு ஃப்ளாஸ் நூல்.

ஜூன் 16

மவுத்வாஷ் போதுமான்னு மூணு பேர் கேட்டாச்சு.

17ஆம் நூற்றாண்டுல ஹாலந்துல டெல்ஃப்ட் ஊர்ல லேவன்ஹூக்னு ஒரு துணி வியாபாரி, தானே செஞ்ச பூதக்கண்ணாடியில தன் பல் அழுக்கை வெச்சுப் பார்த்து "குட்டி ஜீவன்கள் நெளியுது"ன்னு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினவர். அவர் தினமும் உப்பு வெச்சுப் பல் தேய்க்கிற ஆளு (உப்புக்கட்சிக்காரங்க சந்தோஷப்படலாம்). வினிகரால வாய் கொப்பளிச்சுட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அழுக்கோட மேல்பக்கத்துல இருந்தது செத்துக் கிடந்துச்சு, உள்ள இருந்தது உயிரோட இருந்துச்சு. மவுத்வாஷ் பத்தி இன்னிக்கு வரைக்கும் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். தேய்ச்சு அகற்றாம மேல ஊத்தறது பத்தாது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் மட்டும் கொஞ்சம் வேற. 0.2 சதவீதம், 10 மில்லி, ரெண்டு வேளை. அது படலம் படியறதைத் தடுக்கும்னு 1970ல காட்டினதும் மேல சொன்ன அதே லோதான், கூட ஷியோட்னு ஒருத்தர். ஆபரேஷனுக்கு அப்புறம் பிரஷ் வைக்க முடியாத நாள்ல ரொம்ப உதவி. மாசக்கணக்குல போட்டா பல்லு பழுப்பாயிடும், டீ குடிக்கிறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. நாக்குல ருசி மாறும். எனக்கு ரசத்துல உப்பே தெரியல, ரெண்டாவது தடவை போட்டுட்டேன், வீட்டுல யாரும் சாப்பிடல. பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச உடனே கொப்பளிச்சா வேலையும் குறையும், அரை மணி இடைவெளி விடணும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பு? பிடிச்சா பண்ணுங்க. பிரஷ்ஷுக்குப் பதிலா வேணாம்.

ஜூன் 19

"எங்க தாத்தா பிரஷ்ஷைத் தொட்டதே இல்ல, 90 வயசுல முறுக்கு கடிச்சார்" - இது வராம எந்தப் பல் பேச்சும் முடியாதுன்னு எனக்குத் தெரியும். வந்துடுச்சு. இதுக்கு ஒழுங்கான பதில் ஒண்ணு இருக்கு, அது நம்ம ஆளுங்க வாய்ல இருந்தே வந்த பதில்.

1970ல இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள்ல 480 ஆம்பளைத் தொழிலாளிங்களோட வாயைப் பரிசோதிச்சு ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சுது. திரும்பவும் ஹரால்ட் லோ குழுதான். தோட்டத் தமிழர்ங்க. பிரஷ் பழக்கம் கிடையாது, பல் வைத்தியம் எட்டிப் பார்த்ததில்ல. அதனாலதான் அவங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. ஒண்ணுமே பண்ணாம விட்டா ஈறு நோய் எப்படிப் போகும்னு பார்க்கணும். 1985 வரைக்கும் திரும்பத் திரும்ப வந்து அளந்தாங்க. சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அழுக்கு, கல்லு, ஈறு வீக்கம் எல்லாருக்கும் இருந்துச்சு.

எல்லாருக்கும் ஒரே அழுக்கு, ஆனா முடிவு மூணு தினுசு. 8 சதவீதம் பேருக்கு நோய் ஓட்டமா ஓடுச்சு. 35 வயசுல 12 பல்லு போச்சு, 40ல 20, 45ல வாயே காலி. 81 சதவீதம் பேருக்கு நடுத்தரம், 45 வயசுல சராசரியா 7 பல்லு போயிருந்துச்சு. மீதி 11 சதவீதத்துக்கு ஈறு வீங்கினதோட சரி, எலும்புக்கு இறங்கவே இல்ல.

முறுக்குத் தாத்தா அந்த 11ல ஒருத்தர். அவரைப் பார்த்து நாம பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டா, நாம எந்தக் கூட்டம்னு 45 வயசுலதான் தெரியும்.

எங்க அப்பா புசல்லாவைப் பக்கம் தோட்டத்துல பிறந்தவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி ஒப்பந்தத்துல தலைமன்னார்ல கப்பல் ஏறி வந்து கூடலூர்ல டான்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துல சேர்ந்தார். என் சின்ன வயசுலயே அவருக்குப் பாதிப் பல்லு இல்ல. வெத்தலை, போயிலை, மலைக்குளிருன்னு ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. ஐம்பது வயசுக்கு முன்னாடி பொக்கை ஆகறது லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) அதிசயமே இல்லையாம். அந்த ஆராய்ச்சிக் கட்டுரையோட அட்டவணையைப் படிச்சப்ப எனக்குக் கோபம்தான் முதல்ல வந்துச்சு. பதினைஞ்சு வருஷம் அளக்க வந்தவங்களுக்கு 480 பிரஷ் வாங்கிக் கொடுக்கத் தோணலையான்னு. கொடுத்திருந்தா ஆராய்ச்சியே இல்ல, அதுவும் புரியுது. இன்னிக்கு உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவங்க படிக்கிற பாடம் அது. கோபம் அதனால குறையல.

ஜூன் 20

மேல எழுதினதைச் சில பேர் "அப்ப எல்லாம் தலையெழுத்து"ன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் சொன்னதை அந்தப் பக்கம் இழுக்காதீங்க. உடம்பு வாகு எவ்வளவு வேகம்னு தீர்மானிக்குது, நிஜம். ஆனா 89 சதவீதம் பேருக்கு, விட்டா, எலும்பு கரைஞ்சுது. சீட்டுல 11 விழும்னு நம்பறவங்க நம்புங்க.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீக்கிரமே பல்லு ஆடி விழுந்திருந்தா, நீங்க முப்பதுலயே ஒரு தடவை அந்தக் கம்பியால அளந்துக்கிட்டு வந்துடுங்க.

ஜூன் 28

ஒரு அக்கா எழுதியிருக்காங்க: நல்லாத் தேய்க்கிறாங்க, ஆனா ஈறு வளர்ந்து பல்லு மேல ஏறுது, பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடறாங்க. அக்கா, அந்த மாத்திரைக்கு அந்தக் குணம் சில பேருக்கு உண்டு. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், கிட்னி மாத்தினவங்க சாப்பிடற சைக்ளோஸ்போரின், இதுங்களுக்கும் உண்டு. நீங்களா நிறுத்தாதீங்க, பி.பி. ஏறினா ஈறு பத்திக் கவலைப்பட ஆள் இருக்காது. டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை மாத்தித் தருவாங்க. அழுக்கு சேர விடாம இருந்தா வளர்ச்சியும் குறையும்.

சுகர்காரங்களுக்கு: சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு நோய் வேகமாப் போகும். அதையே திருப்பிப் பார்த்தா, ஈறுக்கு வைத்தியம் பண்ணினா மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) சராசரியா 0.4 பாயின்ட் போல இறங்குது. பல ஆய்வைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. சுகர் டாக்டருங்க காலைப் பார்க்கிறாங்க, கண்ணைப் பார்க்கச் சொல்றாங்க, வாயைத் திறக்கச் சொல்றவங்க அபூர்வம். நீங்களே கேளுங்க.

மாசமா இருக்கிறவங்களுக்கு ஹார்மோனால ஈறு வீங்கும். "குழந்தை பிறந்ததும் போயிடும், பல் பக்கம் போகாதே"ன்னு வீட்டுல சொல்வாங்க. க்ளீனிங் தாராளமாப் பண்ணலாம்.

ஜூலை 3

பிரஷ் எப்படிப் பிடிக்கிறதுன்னு: முடி ஈறு ஓரத்தைப் பார்த்து 45 டிகிரி சாய்வா இருக்கணும், பாதி ஈறு மேல, பாதி பல்லு மேல. இருந்த இடத்துலயே சின்னதா அசைக்கணும். இந்த முறைக்கு பாஸ் முறைன்னு பேரு. சார்லஸ் பாஸ், நியூ ஆர்லியன்ஸ் டாக்டர். 1912ல மலேரியாக் கிருமியை உடம்புக்கு வெளிய வளர்த்துக் காட்டினவர், வயசான காலத்துல பல் இடுக்குல இறங்கிட்டார். நம்ம ஊர்ல ரிட்டயர் ஆனவங்க கோயில் கமிட்டியில இறங்கற மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.

ஜூலை 3, பத்து நிமிஷம் கழிச்சு

தண்ணி பீய்ச்சற மெஷின் வாங்கலாமா? பாலம் (ப்ரிட்ஜ்) கட்டின பல்லு, கம்பி போட்ட பல்லுக்கு உபயோகம். மத்தவங்களுக்கு இடுக்கு பிரஷ்ஷே மலிவு, கரன்ட்டும் வேணாம்.

ஜூலை 24

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்தாச்சு. அளந்தாங்களாம், கீழ முன்பக்கம் 4, ஒரு இடத்துல 5, மத்ததெல்லாம் 3க்குள்ள. எக்ஸ்ரேல எலும்பு பரவாயில்லையாம். க்ளீனிங் ஆச்சு, ரத்தம் பெரும்பாலும் நின்னுடுச்சு.

தம்பி, சந்தோஷம். "எப்பவாவது சிகரெட்"னு நீங்க எழுதினதை மட்டும் நான் மறக்கல. சிகரெட் ஈறுல ரத்தம் வர்றதைக் குறைச்சுக் காட்டும், குழி ஆழமாகிக்கிட்டே இருக்கும். வைத்தியமும் சரியாப் பிடிக்காது. ரத்தம் வந்துச்சு, கேள்வி கேட்டீங்க. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதறவருக்கு அந்த எச்சரிக்கையே கிடைக்காம பல்லு ஆடி நிக்கும்.

ஆகஸ்ட் 7

"ஒரு தடவை பண்ணியாச்சே, இனி எதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்றாங்க, காசுக்குத்தானே?" - நியாயமான சந்தேகம். சில இடத்துல காசுக்கும்தான். ஆனா மலையக ஆராய்ச்சி ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல, 1972ல, ஸ்வீடன்ல கார்ல்ஸ்டாட்னு ஒரு ஊர்ல இன்னொண்ணு ஆரம்பிச்சுது. ஆக்சல்சன், லிண்டேன்னு ரெண்டு பேர். அங்க பார்த்துக்கிட்டு நிக்கல. திரும்பத் திரும்ப வரவழைச்சு, எந்த இடுக்கு விட்டுப்போகுதுன்னு காட்டி, சுத்தம் பண்ணிவிட்டாங்க. 30 வருஷம் கழிச்சு எண்ணினா, வயசுக் குழுவைப் பொறுத்து ஆளுக்குச் சராசரியா 0.4ல இருந்து 1.8 பல்லு வரைக்கும்தான் போயிருந்துச்சு. போனதுலயும் ஈறு நோயால போனது ரொம்பக் கொஞ்சம்.

நோய் வந்து வைத்தியம் பண்ணின வாய்க்கு மூணு மாசம்னு பொதுவா ஆரம்பிப்பாங்க. ரெண்டு மூணு தடவை அளந்து நம்பர் நிலையா நின்னா ஆறு மாசம்னு தள்ளலாம். நோயே இல்லாதவங்களுக்கு மூணு மாசம்னு சொன்னா காரணம் கேளுங்க.

ஆகஸ்ட் 7, ராத்திரி

லேசர் பத்திக் கேட்டவருக்கு: சாதாரணமா வேர் சுரண்டிச் சுத்தம் பண்றதை விட அது பெரிசா ஜெயிச்சதா உறுதியா நிரூபணம் ஆகல. பேரைக் கேட்டதும் ரேட் மட்டும் உறுதியா ஏறுது. கையில காசு இல்லன்னா பக்கத்துல இருக்கிற பல் மருத்துவக் கல்லூரியில ஈறு பிரிவுக்குப் போங்க, கம்மிக் காசுல முடியும். மாணவங்க நிதானமாப் பண்ணுவாங்க, நேரம் இழுக்கும், சாப்பிட்டுட்டுப் போங்க. எங்க போனாலும், சேர்ல சாயறதுக்கு முன்னாடி "என் குழி எத்தனை மி.மீ., எந்தப் பல்லுல?"ன்னு கேட்டு அந்தத் தாளை ஃபோன்ல படம் பிடிச்சு வெச்சுக்குங்க. அளக்காமலே லேசர்னு ஆரம்பிச்சா எழுந்து வந்துடுங்க.